முற்றத்து நிழலின் நிறம்

முற்றத்தை வரையத் தொடங்கும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். வெயில் விழும் தரையைப் பளிச்சென்று விட்டுவிட்டு, தாழ்வாரத்து நிழலைக் கறுப்புச் சாயம் குழைத்து நிரப்பிவிடுகிறார்கள். முடித்துப் பார்த்தால், தாழ்வாரம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்புதான் தெரிகிறது. தூண்கள் அட்டையில் வெட்டி ஒட்டியவைபோல் நிற்கின்றன. அந்த வீட்டுக்குள் நடந்து போகலாம் என்ற எண்ணமே பார்ப்பவருக்கு எழுவதில்லை.

கை பழகப் பழகச் சரியாகிவிடும் குறை அல்ல இது. ஒளி மறைக்கப்பட்ட இடம் நிழல் என்று பள்ளியில் படித்தது மனத்தில் தங்கியிருப்பதால் வரும் குறை. முற்றத்தில் சூரியனை மறைத்தாலும் வானம் இருக்கிறது. வானத்தை மறைத்தாலும் வெயில் பட்ட தரை இருக்கிறது. நிழலுக்குள் எந்த வெளிச்சம், எங்கிருந்து, எவ்வளவு வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி ஓவியம் முடிந்த மாதிரி. அதைச் செட்டிநாட்டு வீட்டு முற்றம் ஒன்றை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், நான்கு புறமும் தாழ்வாரம், வரிசையாகத் தூண்கள், உள்நோக்கிச் சரியும் ஓட்டுக்கூரை. அதற்கும் பின்னால் இரண்டாங்கட்டு, அதாவது அடுத்த முற்றப் பகுதி. தலைவாசலில் நின்றால் கடைசிக் கதவுவரை பார்வை நேர்கோட்டில் போகும். ஒளியையும் ஆழத்தையும் படிக்க இதைவிடத் தோதான இடம் அரிது.

ஆயிரம் மடங்கை இருபதில் அடக்குவது

தெளிந்த வானத்தில் நடுப்பகல் வெயில் தரையில் கொட்டும் வெளிச்சம், அதை அளக்கும் அலகில் சொன்னால், ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அதே நேரத்தில் முற்றத்தை ஒட்டிய நிழலில் சுமார் 10,000 லக்ஸ் இருக்கும். தாழ்வாரத்தின் உட்சுவர் ஓரம் போனால் அது ஆயிரம், இரண்டாயிரமாகக் குறையும். அறைக்கதவைத் தாண்டி உள்ளே சென்றால் 100 லக்ஸ் தேறுவதே கடினம். ஒரே பார்வையில் அடங்கும் காட்சிக்குள் ஆயிரம் மடங்கு ஏற்றத்தாழ்வு.

ஓவியர் கையில் இருப்பதோ மிகக் குறைவு. நல்ல வெள்ளைத்தாள் தன்மேல் விழும் ஒளியில் 85 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பும். மிக அடர்ந்த கறுப்புச் சாயமும் 4 சதவீதத்தையாவது திருப்பிவிடும். ஆக, அவரால் காட்ட முடிந்த வித்தியாசம் சுமார் இருபது மடங்குதான். வெயிலின் உண்மையான பிரகாசத்தை எந்த ஓவியராலும் தாளில் கொண்டுவர முடியாது.

இந்த இக்கட்டில் கண்ணே அவருக்குக் கைகொடுக்கிறது. கண் வெளிச்சத்தை அளவாகப் பார்ப்பதில்லை, விகிதமாகப் பார்க்கிறது. 100 லக்ஸ் 200 ஆவதும் 10,000 லக்ஸ் 20,000 ஆவதும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே படி. 19ஆம் நூற்றாண்டில் வெபர், ஃபெக்னர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர்கள் வகுத்த விதி இது. அதே நாட்டு இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1870களில் ஓவியத்தின் ஒளியியல் பற்றிப் பேசியபோது இதைத்தான் அடித்தளமாக வைத்தார். ஓவியர் பிரகாசத்தை நகலெடுப்பதில்லை, பிரகாசங்களுக்கு இடையிலான உறவைச் சுருக்கித் தருகிறார் என்பது அவர் கருத்து.

இந்த உறவைத் தவறவிடுவது எவ்வளவு எளிது என்பதற்கு ஒரு கணக்கு. வெயிலில் இருக்கும் சிவப்புத் தரை 20 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று கொள்வோம். நிழலில் இருக்கும் சுண்ணாம்புச் சுவர் 80 சதவீதத்தைத் திருப்புகிறது. தரைமேல் விழுவது 1,00,000 லக்ஸ், திரும்புவது 20,000 பங்கு. சுவர்மேல் விழுவது 8,000 லக்ஸ் என்றால் திரும்புவது 6,400 பங்குதான். வெள்ளைச் சுவரைவிடச் சிவப்புத் தரை மூன்று மடங்கு பிரகாசம்! ஆனால் சுவர் வெள்ளை, தரை சிவப்பு என்று மூளைக்கு முன்கூட்டியே தெரியும். அதை நம்பி நிழல் சுவரைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவிட்டால் வெயில் செத்துப்போகும். வெயிலைக் காட்ட வேண்டுமானால், நிழலில் இருக்கும் வெள்ளையைத் துணிந்து இருட்டாக்க வேண்டும்.

மூன்று வெளிச்சங்கள்

முற்றத்துக்குள் ஒளி மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது நேர்வெயில். இரண்டாவது வானம். சூரிய ஒளி காற்று மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும்போது குறைந்த அலைநீளம் கொண்ட நீலம் அதிகமாகச் சிதறுகிறது. சிதறல், அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பது இயற்பியலாளர் ராலே கண்ட விதி. 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைப்போல் நாலு மடங்குக்கும் மேல் சிதறும். எனவே வானத்தை மட்டும் பார்த்திருக்கும் நிழலில் நீலம் கலந்திருக்கும்.

மூன்றாவது, பட்டுத் திரும்பும் ஒளி. வெயில் விழுந்த தரை, சுவர், பித்தளை அண்டா, காயப்போட்ட புடவை எல்லாமே தத்தம் நிறத்தில் ஒளியை வாரி இறைக்கின்றன. தரை சிவப்பென்றால் தாழ்வாரத்துக் கூரையின் அடிப்பக்கத்தில் செம்மை ஏறும். தேக்கு விட்டத்தின் கீழ்முகம் அதன் பக்கவாட்டைவிட ஒளிர்வாகத் தெரிவதும் இதனால்தான்.

இதிலிருந்து ஓவியருக்குப் பயன்படும் ஒரு விதி கிடைக்கிறது. நிழலுக்குள் மேல்நோக்கிய பரப்புகள் குளிர்ந்த நிறத்தில் இருக்கும், கீழ்நோக்கிய பரப்புகள் வெதுவெதுப்பாக இருக்கும். நிழல் விழுந்த தரை வானத்தைப் பார்க்கிறது, அதனால் அதில் நீலம். கூரையின் அடிப்பாகமும் தூணின் தலையில் இருக்கும் போதிகையின் கீழ்வளைவும் வெயில்பட்ட தரையைப் பார்க்கின்றன, அதனால் அவற்றில் காவியும் மஞ்சளும். நின்ற சுவரிலும் தூணிலும் இரண்டும் கலந்திருக்கும். தூணின் முற்றத்துப் பக்கம் ஒரு நிறம், உள்பக்கம் வேறு நிறம். ஒரே நிழலுக்குள் நிறம் இப்படித் திரும்பும்போதுதான் தூண் உருண்டையாகிறது.

வெளிச்சம் உள்ளே போகப்போகக் குறைவதற்கும் காரணம் உண்டு. முற்றத்தின் நடுவில் நின்று அண்ணாந்தால் வானத்தின் பெரும்பகுதி தெரியும். தாழ்வாரத்தில் ஓரடி உள்ளே போனால் கூரை ஓரம் அதில் ஒரு துண்டை மறைக்கும். உட்சுவரோரம் குனிந்து பார்த்தால் ஒரு கீற்றுதான் மிஞ்சும். ஓர் இடத்திலிருந்து வானம் எவ்வளவு தெரிகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவே அந்த இடத்துக்கு வானம் தரும் வெளிச்சம். ஆகவே தாழ்வாரத்து நிழலை ஒரே டோனில், அதாவது ஒரே இருட்டளவில், பூசக் கூடாது. தூணடியில் தொடங்கி உட்சுவர்வரை படிப்படியாக இறக்க வேண்டும்.

நம் ஊர்ச் சூரியன்

ஓவியப் பாடநூல்களில் நிழல் பெரும்பாலும் இடப்பக்கத்திலிருந்து 45 டிகிரிச் சாய்வில் விழும். அந்தப் பழக்கம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. காரைக்குடி இருப்பது வடக்கே 10 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நடுப்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். அப்போது தூணுக்கு நிழலே இருக்காது, கூரை ஓரத்தின் நிழல் அதற்கு நேர் கீழே விழும். டிசம்பர் கடைசியில் சூரியன் தெற்கே சாய்ந்து 56 டிகிரி உயரத்தில் நிற்கும். 3 மீட்டர் உயரக் கூரை ஓரம் அப்போது வடக்கு நோக்கி 2 மீட்டர் நிழல் போடும். ஜூனில் சூரியன் வடக்கே போய்விடுவதால் நிழல் தெற்கு நோக்கித் திரும்பும், நீளமும் 70 சென்டிமீட்டர்தான்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரம் 52 டிகிரியில் இருக்கிறது. அங்கே டிசம்பர் நடுப்பகலில் சூரியன் 14.5 டிகிரிக்கு மேல் ஏறாது. அதே 3 மீட்டர் கூரையின் நிழல் 11.5 மீட்டருக்கு நீளும். சிறிய முற்றத்தின் தரைக்கு அந்த மாதத்தில் நேர்வெயிலே கிட்டாது.

இந்த வித்தியாசம் நிழலின் நீளத்தோடு நிற்பதில்லை. ஒளி ஒரு பரப்பில் எவ்வளவு சாய்ந்து விழுகிறதோ அவ்வளவு நீர்த்துப் பரவும் என்று ஜோஹான் லாம்பர்ட் 1760இல் எழுதினார். சூரியன் 76 டிகிரி உயரத்தில் இருக்கும்போது தரைக்குக் கிடைப்பது முழு வெயிலில் 97 சதவீதம், சூரியனைப் பார்த்த சுவருக்கோ 24 சதவீதம்தான். நம் நடுப்பகலில் தரைதான் வீட்டின் பெரிய விளக்கு. ஒளி கீழிருந்து மேலே ஏறுகிறது. முகத்தில் தாடையின் அடிப்பக்கமும் கூரையின் உள்பக்கமும் ஒளிர்வது நம் ஊர் முற்றத்தின் அடையாளம். பாடநூலைப் பார்த்து 45 டிகிரி நிழல் போடுபவர் இதைத் தொலைத்துவிடுகிறார்.

45 டிகிரி வெயிலே நமக்கு இல்லை என்பதில்லை. காலை ஒன்பதரை வாக்கில் அது கிடைக்கும், ஆனால் நிற்காது. 3 மீட்டர் கூரையின் நிழல் விளிம்பு அந்த நேரத்தில் தரையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நகரும். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒன்றரை மீட்டர் போயிருக்கும். ஆகவே நேரில் அமர்ந்து வரைபவர்கள் நிழலின் எல்லையை முதல் பத்து நிமிடத்துக்குள் பென்சிலால் குறித்துக்கொண்டு, பிறகு எது நகர்ந்தாலும் அதை மாற்றுவதில்லை.

நிழலின் ஓரம் சொல்லும் தூரம்

சூரியன் ஒரு புள்ளி அல்ல. வானில் அரை டிகிரி அகலமுள்ள வட்டம். அதனால் நிழலின் ஓரத்தில் சூரியன் முழுதும் மறையாமல் ஓரளவே மறைந்த பகுதி ஒன்று இருக்கும். அதுவே புறநிழல். மறைக்கும் பொருளுக்கும் நிழல் விழும் இடத்துக்கும் உள்ள தூரத்தை 107ஆல் வகுத்தால் புறநிழலின் அகலம் கிடைக்கும். தூணடியில் தூரம் இல்லை, எனவே அங்கே நிழலின் விளிம்பு கத்திபோல் கூராக இருக்கும். நாலு மீட்டர் கடந்து வரும் கூரை நிழலின் விளிம்பு ஏறத்தாழ நாலு சென்டிமீட்டர் மங்கலாக இருக்கும். எல்லா விளிம்பையும் ஒரே கூர்மையில் வரைந்தால் கூரை தரையோடு ஒட்டிக்கொள்ளும். தூணின் காலடியில் கூராகத் தொடங்கிப் போகப்போக மங்கும் நிழல், தூணின் உயரத்தை அளவுகோல் இல்லாமலே சொல்லிவிடும்.

ஓட்டிடுக்கு வழியாகத் தாழ்வாரத்தில் விழும் ஒளிப்பொட்டுகள் வட்டமாக இருப்பதற்கும் இதே காரணம். இடுக்கு எந்த வடிவில் இருந்தாலும், சிறியதாக இருந்தால் அது ஊசித்துளைக் கேமராவாகிச் சூரியனின் உருவத்தையே தரையில் காட்டும். சாய்வாக விழும்போது வட்டம் நீள்வட்டமாகும். 2019 டிசம்பர் 26 அன்று தமிழகத்தின் நடுவே கடந்த வளையச் சூரிய கிரகணத்தின்போது, அந்தப் பாதையில் இருந்த ஊர்களில் மரத்தடிப் பொட்டுகள் மோதிர வடிவம் கொண்டன. ஒளிப்பொட்டுகளைக் கோணல்மாணலாக வரைபவர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது.

ஆழம் எப்படிக் கிடைக்கிறது

ஒரே அளவுள்ள தூண்கள் 3, 6, 9 மீட்டர் தூரங்களில் நின்றால் தாளில் அவற்றின் உயரம் முழுசு, பாதி, மூன்றில் ஒன்று என்று குறையும். பெர்ஸ்பெக்டிவின் கணக்கு இவ்வளவுதான். இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் புரூனெல்லெஸ்கி இதைச் செய்து காட்டினார், ஆல்பெர்ட்டி 1435இல் நூலாக்கினார். டெல்ஃப்டில் வாழ்ந்த ஓவியர் பீட்டர் டி ஹூக்கின் ஓவியங்கள் சிலவற்றில், கோடுகள் எல்லாம் சென்று சேரும் புள்ளியில் ஊசி குத்திய துளையை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அங்கே ஊசி நட்டு, சுண்ணப்பொடி தடவிய நூலைக் கட்டி, இழுத்துச் சுண்டிக் கோடு போடுவது அக்காலத்து முறை. நம் தச்சர்கள் மரத்தில் கோடு போடுவதும் இப்படித்தான்.

மாணவர்கள் தரைச் சதுரங்களை இந்தக் கணக்கில் சரியாகப் போட்டுவிட்டு நிழலில் கோட்டை விடுகிறார்கள். பூமிக்கு வரும் சூரியக் கதிர்கள் ஏறக்குறைய இணையானவை. எனவே தூண்களின் நிழல்களும் தரையில் ஒன்றுக்கொன்று இணை. சூரியன் எதிரே இருந்தால், அதற்கு நேர் கீழே கண்மட்டக் கோட்டில் ஒரு புள்ளியை நோக்கி எல்லா நிழல்களும் குவியும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நிழல்கள் எதிர்த்திசையில் கண்மட்டத்தில் குவியும். இது தெரியாமல் ஒவ்வொரு தூணுக்கும் தோன்றிய திசையில் நிழல் போட்டால், முற்றத்தில் நாலைந்து சூரியன் உதித்த குழப்பம்தான் மிஞ்சும்.

மலைகளை வரையும்போது தூரம் போகப்போக நீலமாக்கி மங்கலாக்குவது லியோனார்டோ காலத்திலிருந்தே தெரிந்த உத்தி. முற்றத்தில் இது செல்லாது. கண்ணுக்கும் பின்கதவுக்கும் இடையே முப்பது, நாற்பது மீட்டர் காற்றுதான் இருக்கிறது. அது எதையும் நீலமாக்கப் போதாது. இங்கே ஆழத்தைத் தருவது வெளிச்சமும் நிழலும் மாறிமாறி வரும் அடுக்குகள். முகப்பு இருட்டு, முற்றம் வெளிச்சம், அடுத்த தாழ்வாரம் இருட்டு, இரண்டாங்கட்டு மீண்டும் வெளிச்சம், அதன் முன் நிழலுருவாக ஒரு நிலைப்படி. ஒவ்வோர் அடுக்கும் அடுத்ததைக் கொஞ்சம் மறைக்கிறது. டி ஹூக் 1658இல் வரைந்து, இன்று லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் டெல்ஃப்ட் முற்ற ஓவியத்திலும் இதே உத்திதான். இடப்பக்க வளைவுக்குள் நிழல், அதில் முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண், அவளுக்கு அப்பால் தெருவின் வெளிச்சம்.

தரையும் ஒரு வேலை செய்கிறது. ஆத்தங்குடி ஓடுகளைக் கண்ணாடிப் பலகைமேல் வார்ப்பதால் அவற்றின் முகம் வழவழப்பாக வரும். வழவழப்பான பரப்பு, பார்க்கும் கோணம் தாழத்தாழக் கண்ணாடிபோல் நடந்துகொள்ளும். நேர் மேலிருந்து பார்க்கும்போது சாதாரணக் கண்ணாடி 4 சதவீத ஒளியைத்தான் பிரதிபலிக்கிறது. தரையோடு 10 டிகிரியாகப் பார்வை சாய்ந்தால் அது 39 சதவீதம் ஆகிவிடும். கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருப்பவருக்கு எட்டரை மீட்டர் தள்ளியுள்ள தரை அந்தக் கோணத்தில்தான் தெரிகிறது. ஆகவே காலடி ஓட்டில் பூவும் நிறமும் தெரியும், தூரத்து ஓட்டில் முற்றத்தின் வெளிச்சமும் தூணின் தலைகீழ் உருவும் தெரியும். பூவேலையை அருகில் மட்டும் வரைந்து, தூரத்தில் பிரதிபலிப்புக்கு இடம் விட்டால் தரை தானாகவே படுத்துக்கொள்ளும்.

மூளையின் குறுக்கீடு

இவ்வளவு தெரிந்த பிறகும் கை தவறுவதற்குக் காரணம், நம் கண் வெளிச்சமானி அல்ல என்பதே. எம்ஐடி பேராசிரியர் எட்வர்ட் ஏடெல்சன் 1995இல் வெளியிட்ட சதுரங்கப் பலகைப் படத்தில், நிழலுக்குள் இருக்கும் வெள்ளைக் கட்டமும் வெளியே இருக்கும் கறுப்புக் கட்டமும் உண்மையில் ஒரே சாம்பல் நிறம். நம்பவே முடியாது, நடுவில் ஒரு பட்டையால் இணைத்துக் காட்டினால்தான் நம்புவோம். மூளை நிழலைக் கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தை நமக்குச் சொல்கிறது. வாழ்க்கைக்கு அது உதவி, ஓவியத்துக்கு இடைஞ்சல்.

பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1839இல் எழுதிய நூல் இன்னொரு குறுக்கீட்டை விளக்கியது. அடுத்தடுத்து இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று எதிர்த்திசையில் தள்ளும். மஞ்சள் வெயிலை ஒட்டிய வெறும் சாம்பல்கூட நீலமாகத் தெரியும். ஆகவே நிழலில் நீலம் இருக்கிறது என்று படித்துவிட்டு நீலத்தைக் கொட்ட வேண்டாம். வெயில் பகுதியில் இளமஞ்சள் இருந்தால், நிழலில் சிறிது நீலம் சேர்த்தாலே போதும், மீதியைக் கண் சேர்த்துக்கொள்ளும்.

ஆழத்தையும் இடத்தையும் உணரும் மூளைப்பகுதி நிறத்தைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, வெளிச்ச வேறுபாட்டையே நம்புகிறது என்று ஹார்வர்டின் நரம்பியலாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் விளக்கியிருக்கிறார். இதிலிருந்து எளிய சோதனை ஒன்று கிடைக்கிறது. வரைந்த படத்தைக் கைபேசியில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் முற்றம் ஆழமாகத் தெரிந்தால் டோன் சரி. தட்டையாகிவிட்டால் எத்தனை நிறம் சேர்த்தாலும் பயனில்லை. வெறும் கறுப்பு மையும் பேனாவும் கொண்டு கோயில் மண்டபங்களின் ஆழத்தைக் கொண்டுவந்த ஓவியர் சில்பியின் கோட்டோவியங்கள் இதற்குச் சான்று.

காட்சியை அளக்கவும் வழி உண்டு. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து, இருட்டும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். சாம்பல் அட்டையில் ஒரு துளை போட்டு அதன் வழியே நிழல் சுவரையும் வெயில் தரையையும் மாற்றிமாற்றிப் பார்த்தால், சுவர் வெள்ளை என்ற முன்முடிவு உதிர்ந்துவிடும். கைபேசிப் படத்தை மட்டும் நம்பாதீர்கள். அது நிழலைத் தானாகவே தூக்கிக் காட்டும், அல்லது வெயிலை வெளுத்துவிடும்.

தூரிகை எடுக்கும்போது

வாட்டர்கலரில் முற்றத்தை வரைபவர் வெயில் பட்ட இடத்தைத் தாளாகவே விடுகிறார், அல்லது மிக மெல்லிய மஞ்சள் வாஷ் கொடுக்கிறார். அது காய்ந்ததும் தாழ்வாரம், தூணின் நிழல்பக்கம், தரை நிழல் அனைத்தையும் ஒரே ஓட்டத்தில், ஒரே ஈரத்தில் இணைக்கிறார். கறுப்புக்குப் பதில் அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலக்கிறார். ஈரம் இருக்கும்போதே கூரையடியில் காவியையும், தரை நிழலில் நீலத்தையும் சொட்டவிடுகிறார். அறைவாசலின் அடர் இருட்டைக் கடைசியில், மிகச் சிறிய பரப்பில் மட்டும் வைக்கிறார். எண்ணெய் வண்ணத்தில் வரிசை மாறலாம், தர்க்கம் மாறாது. 2021இல் கொரோனாவுக்கு நாம் பறிகொடுத்த ஓவியர் இளையராஜா வரைந்த கிராமத்து வீட்டுப் பெண்களின் முகங்களைக் கவனித்தால், வெயில் படாத கன்னத்தில்தான் அவர் அதிகம் உழைத்திருப்பது தெரியும்.

வரைய விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல வீடுகளில் முற்றங்களை இப்போது பிளாஸ்டிக் தகடு போட்டு மூடிவிடுகிறார்கள். தகட்டின் வழியே வரும் ஒளி எல்லாத் திசையிலும் சிதறிவிடுவதால் கூரான நிழலும் போய்விடுகிறது, வட்டப்பொட்டும் போய்விடுகிறது. திறந்த முற்றம் உள்ள வீடோ, கோயில் பிரகாரமோ, பழைய பள்ளிக்கூடமோ அருகில் இருந்தால், காலையிலும் உச்சிவெயிலிலும் மாலையிலும் அங்கே போய் ஒரே இடத்திலிருந்து மூன்று சிறு படங்கள் வரையுங்கள். கறுப்புச் சாயத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.